பால் கவருக்குள் இருக்கும் சோப்பு

சோப்பு செய்ய உதவும் கொழுப்பு அமிலமும் பால் கவர் செய்யும் பாலிஎத்திலீனும் வேதியியல்படி நெருங்கிய சொந்தக்காரர்கள். இரண்டிலும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்துக்கொண்டு போகும், ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜன் இருக்கும். சோப்புக்கு 12 முதல் 18 கார்பன் போதும், பாலிஎத்திலீனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்புறம், சோப்பு மூலக்கூறின் ஒரு நுனி தண்ணீரோடு சேரும், பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு நுனி கிடையாது. சரி, சங்கிலியை நறுக்கி நுனியில் ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டால்? அதைத்தான் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் குவோலியாங் லியுவின் குழு செய்து, 2023 ஆகஸ்டில் சயின்ஸ் இதழில் வெளியிட்டது.

இதில் நறுக்குவதுதான் கஷ்டம். ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கினால் சங்கிலி உடையும், ஆனால் உடைந்த துண்டு அதே சூட்டில் கிடந்தால் மேலும் மேலும் உடைந்து கடைசியில் வாயுவாகப் போய்விடும். லியுவுக்கு வழி தோன்றியது குளிர்காலத்தில் கணப்படுப்பு முன்னால் உட்கார்ந்து விறகுப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதாம். அவர்கள் கட்டிய உலையில் அடிப்பக்கம் கொதிக்கும், மேல்பக்கம் குளிர்ந்திருக்கும். அடியில் உடைந்த துண்டுகள் ஆவியாக மேலே ஏறி, குளிர்ந்த இடம் வந்ததும் அதற்கு மேல் உடையாமல் மெழுகாகப் படிந்துவிடும். இந்தப் படிக்கு வினையூக்கியே (வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) தேவையில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மெழுகைக் காற்றால் ஆக்சிஜனேற்றினால் கொழுப்பு அமிலம், அதில் காரம் (ஆல்கலி) சேர்த்தால் சோப்பு. மூடிகளிலும் டப்பாக்களிலும் வரும் பாலிப்ரொப்பிலீனுக்கும் இதே வழி சரிப்படும், இரண்டும் கலந்து கிடந்தாலும் பரவாயில்லை.

2020லேயே கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சூசன்னா ஸ்காட் குழு பிளாட்டினம் வினையூக்கி வைத்து 280 டிகிரியில் பாலிஎத்திலீனை அல்கைல் அரோமாட்டிக் சேர்மங்களாக, அதாவது கார்பன் வளையத்தோடு நீண்ட கார்பன் வால் ஒட்டிய சேர்மங்களாக, மாற்றிக் காட்டியது. சலவைப் பொருட்களுக்குத் தேவைப்படும் வகை அது. நல்ல வேலைதான், ஆனால் பிளாட்டினம் விலையை நினைத்தால் எனக்கு லியுவின் உலைதான் நம்பிக்கை தருகிறது.

பிளாஸ்டிக்கை எண்ணெயாக்கி எரிபொருளாக விற்பதை மறுசுழற்சி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எத்திலீன் வாயுவை எடுத்து, அதைக் கோத்துக் கோத்து உண்டாக்கிய சங்கிலி அது. எரித்தால் கார்பன் டை ஆக்சைடுதான் மிச்சம். சோப்பாக மாற்றினால் அந்தச் சங்கிலியின் பெரும்பகுதி அப்படியே பயன்படுகிறது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இந்த உலைக்குள் போகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழாய்களில் வரும் பிவிசி சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் வேறு இனம், அதற்கு வேறு வேதியியல். சிப்ஸ் பாக்கெட்தான் மோசம், பல அடுக்குகள், நடுவில் மெல்லிய அலுமினியப் பூச்சு, பிரித்தெடுப்பதே பெரும்பாடு. பாக்கெட் வடிவமைப்பவர்கள் எல்லா அடுக்குக்கும் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் இந்த உலைக்குப் போகும் குப்பை இன்னும் கூடும்.