ஒரே விவரத்தை எத்தனை தரம்தான் கேட்பீர்கள்?

படிப்பிப்பதற்குப் போகும் நேரத்தை விட, படிப்பித்ததை எழுதிக் கொடுப்பதற்குப் போகும் நேரம் கூடிக்கொண்டே வருகிறது. பல்கலைக்கழக விரிவுரையாளர் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், மட்டக்களப்பில் இருந்து நானும் அதையே சொல்கிறேன். வரவுப் பதிவு, வினாத்தாள், புள்ளித்தாள், பாடத்திட்டத் திருத்தம், தர மதிப்பீட்டுக்கான சான்றுகள், லீவுக் கடிதம், களப்பயணத்துக்கு எடுத்த முற்பணத்தை வவுச்சரோடு தீர்ப்பது, வருட முடிவில் மேசை கதிரை எண்ணும் கணக்கெடுப்பு... இதெல்லாம் தேவையில்லாத வேலை என்று சொல்ல வரவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் இடம், கணக்கு இருக்கத்தான் வேண்டும். என் ஆதங்கம் வேறு. ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். முன்பு தாளில் கேட்டார்கள், இப்போது கூகுள் ஃபோர்மில் கேட்டுவிட்டுத் தாளிலும் கேட்கிறார்கள்.

ஆய்வுக் கட்டுரைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடாந்த அறிக்கைக்கு ஒரு பட்டியல், பதவி உயர்வுக்கு ஒன்று, தர மதிப்பீட்டுக்கு இன்னொன்று, பீடத்து இணையப் பக்கத்துக்கு வேறொன்று. கட்டுரைகள் எல்லாம் அதேதான், மேற்கோள் எழுதும் முறையும் வருட ஒழுங்கும் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இதற்கு வழி இருக்கிறது, காசும் தேவையில்லை. ஓர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண்) உள்ள கட்டுரை வெளிவந்தால், நாம் ஒருமுறை அனுமதி கொடுத்திருந்தால் போதும், அது தானாகவே நம் பட்டியலில் வந்து சேர வசதி உண்டு. ஆனால் இங்கே தமிழில் வரும் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது. கூத்தைப் பற்றியோ, இந்தப் பக்கத்துக் குடிமரபு பற்றியோ ஒருவர் தமிழில் எழுதிய நல்ல கட்டுரையைக் கையால்தான் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் எந்தக் கணக்கிலும் அது இல்லை. பல்கலைக்கழக நூலகம் இந்தப் பொறுப்பை எடுத்து, தமிழ் இதழ்களுக்கு டிஓஐ வாங்கிக் கொடுத்தால் அது விரிவுரையாளருக்குச் செய்யும் பெரிய உதவி.

புள்ளிகள் விஷயம் இதைவிடப் பெரியது. முதற் பரீட்சகர் திருத்தி ஒரு தாளில் எழுதுவார், இரண்டாம் பரீட்சகர் வேறொரு தாளில் எழுதுவார். இரண்டையும் ஒருவர் எக்செலில் போடுவார், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வைத்துப் பரீட்சைக் கிளைக்கு அனுப்பினால் அங்கே இன்னொருவர் அதையே மறுபடி தட்டச்சு செய்வார். 67 என்பது 76 ஆக மாறுவதற்கு இத்தனை வாசல். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது, அதன் வகுப்புத் தரம், வேலை விண்ணப்பம், வீட்டில் காத்திருக்கிற தாய் தகப்பன் எல்லாம் இருக்கிறார்கள். புள்ளியை முதலில் பதிகிறவரின் கையிலிருந்து நேராகப் பெறுபேற்றுத் தொகுதிக்குள் போகிற மாதிரி, யார் எப்போது மாற்றினார் என்ற தடமும் இருக்கிற மாதிரி ஒன்று செய்வது இன்றைக்குக் கடினமான காரியமே இல்லை.

பெயர்களும் அப்படித்தான். ஒரே மாணவியின் பெயர் ஒரு பட்டியலில் முதலெழுத்தோடு, இன்னொன்றில் தகப்பன் பெயர் முழுதாக, மூன்றாவதில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் இடத்தில் பெயரை வைத்துப் பட்டியல்களைப் பொருத்தப் போனால் விடிந்துவிடும். பதிவிலக்கத்தை வைத்துத்தான் எல்லாம் ஓட வேண்டும்.

அப்புறம் பாமினி. எத்தனை அலுவலகங்களில் பழைய கடிதங்களும் கூட்டறிக்கைகளும் இன்னும் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன! திரையில் பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் குப்பை மாதிரித் தெரியும், தேடினாலும் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்கவும் முடியாது. ஐந்து வருடத்துக்கு முந்திய பீடச்சபைத் தீர்மானம் ஒன்று வேண்டும் என்றால் ஒவ்வொரு பைலாகத் திறந்து கண்ணால் தேடுவதுதான் வழி. மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியதை வாசித்துச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும், அதை ஒரு வேலையாக யாரும் ஒதுக்கிக் கொடுப்பதில்லை.

கிழக்கில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலையில் பிரதான வளாகம், கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், திருகோணமலையில் இன்னொரு வளாகம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்க, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். இப்படிப் பிரிந்து இருக்கும் இடங்களுக்கு நடுவே ஒரு கையெழுத்துக்காகத் தாள் பயணம் போனால் நாள் போகும், மாரியில் வெள்ளம் வீதியை மூடினால் தாளும் அங்கேயே நிற்கும். இலத்திரனியல் ஆவணத்தையும் கையொப்பத்தையும் ஏற்கும் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம். மரண சாசனம், காணி விற்பனை, அற்றோணித் தத்துவம் போன்ற சிலதைத்தான் அது விலக்கி வைத்திருக்கிறது. லீவுக் கடிதம் அந்தப் பட்டியலில் இல்லை.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020இல் கொரோனாவுக்காக எல்லாம் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பு ஊடாக சூம் வகுப்புகள் நடந்தன, தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாவுக்குக் காசு எடுக்காமல் பல்கலைக்கழகத் தளங்களைத் திறந்துவிட்டன. மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் பக்கமே போகாத மூத்த பேராசிரியர்கள்கூடக் குறிப்புகளை ஏற்றப் பழகினார்கள். அவர்களுக்கு அப்போது கைகொடுத்தது பயிற்சிப் பட்டறை இல்லை, போன் அடித்தால் எடுக்கிற ஆள். எங்களுக்கும் அப்படி ஒரு தம்பி கணினிப் பிரிவில் இருந்தார். "மிஸ், நீங்க லிஸ்ட்ட மட்டும் அனுப்புங்க, மிச்சத்த நான் பார்க்கிறன்" என்பார், சொன்னபடி பார்ப்பார். ஒரு பீடத்துக்கு இப்படி ஒருவரை நிரந்தரமாகப் போடுங்கள், புதிதாக இன்னொரு போர்ட்டல் வாங்குவதை விட அது ஆயிரம் மடங்கு பயன் தரும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். கூட்டறிக்கைக்கு முதல் வரைவு எழுத, நீண்ட சுற்றறிக்கையைச் சுருக்கிப் பார்க்கத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மாணவரின் புள்ளியையும் மருத்துவச் சான்றிதழையும் அதில் போடவே கூடாது, வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் அது பிள்ளையின் அந்தரங்கம்.

எஸ்தோனியா 2001இலிருந்து தன் அரச அலுவலகங்களின் தரவுத்தளங்களை எக்ஸ்ரோட் என்ற இணைப்பால் ஒன்றோடொன்று பேச வைத்திருக்கிறது. ஒரு அலுவலகத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை இன்னொரு அலுவலகம் திரும்ப மக்களிடம் கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். பீடச்சபைக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது ஒரு சின்னக் கோரிக்கைதான்: புதிதாக ஒரு படிவம் அனுப்புகிற எந்தக் கிளையும், அதில் கேட்கும் ஒவ்வொரு விவரமும் ஏற்கெனவே எந்தக் கிளையிடம் இருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்தப் பெட்டிகளைத் தானே நிரப்பி அனுப்ப வேண்டும். இல்லாததை மட்டும் நாங்கள் எழுதுகிறோம்.