இரண்டாம் பாகம் வந்துவிட்டது

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிய எனது சித்திரக்கதையின் இரண்டாம் பாகம் நேற்று மாலை அச்சகத்திலிருந்து கல்லடிக்கு வந்து சேர்ந்தது. 48 பக்கங்கள், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கப் பாரம் மூன்று. முழுநிலவு இரவில் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் கிழவரின் காட்சிக்கே அதிக நாட்கள் செலவாயின. கணினித் திரையில் ஒளிர்ந்த வாவியின் நீலம் நான்கு வண்ண அச்சுக்கு மாறியபோது சேற்று நிறமாகிவிட்டதால், அந்த ஆறு பக்கங்களிலும் கறுப்பைக் குறைத்து மீண்டும் வண்ணம் தீட்ட வேண்டியதாயிற்று. தாமதத்திற்குக் காரணம் அதுவே. அச்சகத்தார் மீது பிழையில்லை.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை, மட்டக்களப்பு, திருகோணமலை வீதியிலுள்ள நண்பரின் புத்தகக் கடையில் பிரதிகளில் கையொப்பமிட்டுத் தருவேன். முதல் பாகம் வைத்திருப்போர் அதையும் எடுத்து வரலாம். பிள்ளைகளின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி வந்தால் பேருதவியாக இருக்கும். சென்ற முறை ‘ழ’வும் ‘ள’வும் குழம்பி, ஒரு சிறுமியின் புத்தகத்தில் நான் வெட்டித் திருத்திய வெட்கம் இன்னும் ஆறவில்லை.

அக்கரைப்பற்றிலும் ஒரு நாள் வர எண்ணியுள்ளேன். இடம் உறுதியானதும் அறியத் தருகிறேன். மூன்றாம் பாகம் வட்டக்களரி என்னும் வட்ட வடிவ ஆடுகளத்தில் ஆடும் வடமோடி என்ற மரபுக் கூத்தைப் பற்றியது. பென்சில் வேலை தொடங்கிவிட்டது.