30 பவுண்டு எண்ணெய்

காங்கயத்தில் எங்களுடையது சின்ன எண்ணெய் மில். மோட்டாரில் ஓடும் ரோட்டரிச் செக்கு இரண்டு, ஒரு மரச்செக்கு, பின்னால் பருப்பு காயப்போடும் களம். பருப்பு என்றால் தேங்காய்ப் பருப்பு; வெளியூரில் கொப்பரை என்பார்கள். காலையில் பருப்பை எடை போட்டு இறக்குவதும், சாயங்காலம் எண்ணெயை எடை போட்டுக் கணக்கு எழுதுவதும் என் வேலை. கணக்கு உதைத்தால் சத்தம் போடுவதும் நான்தான்.

போன மாசி மாதம் அப்பாவை அந்தமானுக்குக் கூட்டிப்போனேன். வயது 76. கடல் அவருக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. "அந்த செயில்ல செக்கு இருக்குதாமா கண்ணு, பாத்துப்போட்டுப் போலாம்" என்றார். எங்கள் வீட்டில் மில் வருவதற்கு முன்னால், மாட்டுச் செக்கின் பின்னாலேயே நடந்தவர் அவர்.

செல்லுலார் சிறையை 1896இல் ஆரம்பித்து 1906இல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு வரிசைகள் பிரிந்து போயிருக்கின்றன. இன்று நிற்பவை மூன்று. 1979இல் தேசிய நினைவிடம் ஆயிற்று. அறைக் கதவின் தாழ்ப்பாளை அப்பா ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். தாழ் கதவைத் தாண்டி நீண்டு, பக்கத்துச் சுவரில் குடைந்த பொந்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பவன் கம்பி வழியாக எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. "கெட்டிக்காரன், படுபாவி" என்றார்.

அப்புறம் செக்கு. மாடு பூட்டுகிற இடத்தில் மனித உருவத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம். ஒரு கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்பது அங்கே விதி, குறைந்தால் தண்டனை. சாட்டையடிக்குக் கட்டிவைக்கும் சட்டகமும் அங்கேயே இருக்கிறது.

30 பவுண்டு என்றால் பதின்மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நல்ல பருப்பிலேயே நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்துதான் எண்ணெய். அப்படியானால் இருபத்தொரு கிலோவாவது ஆட்ட வேண்டும். நான் இங்கே வரைக்கும்தான் போட்டேன். அப்பா போட்ட கணக்கு வேறு. "ரெண்டு ஈடு ஆட்டுனா மாட்டை அவுத்து உட்ருவோம். நெழல்ல கட்டித் தண்ணி காட்டிப்போட்டு வேற மாட்டப் பூட்டுவோம்." கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு தமிழ் பேசிய காவலாளியிடம், "ஏனுங்க, பருப்பை எங்கீங்க காய வெச்சாங்க?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் யாரும் கேட்டதில்லை ஐயா என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற தீவு அது. ஈரப் பருப்பைச் செக்கில் போட்டால் எண்ணெய் பிரியாமல் பிசுபிசுவென்று உரலிலேயே அப்பிக்கொள்ளும். ஆள் என்னதான் சுற்றினாலும் எடை வராது.

கோயம்புத்தூர் சிறையில் 1908 முதல் 1910 வரை இருந்த வ.உ.சி. செக்கிழுத்ததை ஐந்தாம் வகுப்பிலிருந்தே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷம் எண்ணெய்த் தொழிலில் இருந்தும், அவர் ஆட்டியது என்ன வித்து, அது காய்ந்திருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அந்தமான் போவதற்கு முந்தின ஐப்பசியில், எண்ணெய் குறைகிறது என்று செக்கில் நிற்கும் பையனை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியிருந்தேன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான், ஒன்றும் பேசவில்லை.

வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது மில்லிலிருந்து போன். அவன்தான். "ஒன்றரைக் கிலோ கொறையுதுங்கண்ணா" என்றான். குரலில் பயம் தெரிந்தது.

"பருப்பை ஒடச்சுப் பாத்தியா?"

"ஒடைய மாட்டேங்குதுங்க, வளையுது. புது லோடுங்க."

களத்தில் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். அப்பா இளநீர் மட்டையைப் பிளந்து வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.