குவாடலூப்பேயில் புனித சனி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்கும் டெம்பிக்கும் இடையில், ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்பில் அடங்கிவிடுகிறது குவாடலூப்பே என்னும் சிற்றூர். மெக்சிகோ மக்கள் போற்றும் மரியன்னையான குவாடலூப்பே அன்னையின் பெயரையே ஊருக்குச் சூட்டியவர்கள் யாக்கிப் பழங்குடி மக்கள். மெக்சிகோவின் சொனோராவில், யாக்கி ஆற்றங்கரையின் எட்டு ஊர்களே அவர்களுடைய தாயகம். 1617இல் அங்கு வந்த இயேசு சபைக் குருக்கள் சொன்ன இயேசுவின் பாடுகளின் வரலாற்றைத் தங்கள் பழைய ஆடல்களோடும் பாடல்களோடும் பிணைத்து, அவர்கள் தமக்கே உரிய வழிபாடாக்கிக்கொண்டனர். மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில் அவர்களுடைய நிலம் பறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் யுகட்டானின் கற்றாழைத் தோட்டங்களுக்கு அடிமைகளைப்போல் நாடுகடத்தப்பட்டனர். தப்பி வடக்கே வந்தவர்களில் ஒரு பகுதியினர் அமைத்த குடியிருப்புதான் 1975இல் முறைப்படி ஊராட்சியானது.

ஊரின் நடுவே உள்ள திறந்த திடலில் அன்னையின் ஆலயமும் யாக்கிகளின் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. திருநீற்றுப் புதனில் தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் முழுவதும், வெள்ளிதோறும் திடலைச் சுற்றிச் சிலுவைப்பாதை நடைபெறுகிறது. செபங்களை முன்னின்று நடத்துபவர், குருப்பட்டம் பெறாத, நம் ஊர் உபதேசியார்களை ஒத்த மாயெஸ்ட்ரோ. குருக்கள் இல்லாத நெடுங்காலத்திலும் இவ்வழிபாடு அறுபடாமல் வந்ததற்கு இவர்களே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாளான புனித சனியன்று என் கண்கள் ஓயாமல் தேடியது சாப்பயேகாக்களைத்தான். இயேசுவைத் துரத்திப் பிடிக்கும் பகைவர் கூட்டத்தில் முகமூடி அணிந்து வருபவர்கள் இவர்கள். நீண்ட காதுகளும் கூரிய மூக்கும் கொண்ட முகமூடி தலையை முழுவதும் மூடியிருக்கும். கையில் மரவாளும் மரக்கத்தியும் இருக்கும். அவர்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வாளில் கத்தியைத் தட்டியும் சைகை காட்டியும் கருத்தைத் தெரிவிக்கிறார்கள். எதையும் இடக்கையால், தலைகீழாகச் செய்து சிரிக்கவும் வைக்கிறார்கள். ஆனால் அம்முகமூடிக்குள் ஒவ்வொருவரும் செபமாலையின் சிலுவையைப் பற்களால் கவ்வியபடி இருக்கிறார்கள். ஏற்ற வேடத்தின் தீமை தம்மைத் தீண்டாதிருக்க அதுவே காப்பு. நோய் தீர்ந்தால் இவ்வேடம் ஏற்பதாகத் தாமோ, தமக்காகப் பெற்றோரோ வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனை அவர்கள் செலுத்துகிறார்கள். பாடுகளின் நாடகங்கள் பலவற்றில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசாக நடிக்க ஆள் கிடைப்பதே அரிது. இங்கோ பகைவனாக நிற்பதுதான் மிகக் கடுமையான பக்தி முயற்சி.

எதிர்ப்புறத்தில், ரிப்பன்கள் தொங்கும் தலையணியும் கையில் இறகுக் கோலுமாக மாத்தச்சினிகள் என்னும் ஆடற்குழுவினர் அன்னையின் படைவீரர்களாக ஆடுகிறார்கள். மான் ஆட்டக்காரரோ தலையில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் மான்தலையைக் கட்டி, கால்களில் கூழாங்கற்கள் இட்ட பட்டுப்பூச்சிக் கூடுகளைச் சரஞ்சரமாகச் சுற்றியிருக்கிறார். நீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட அரைச் சுரைக்குடுக்கையை ஒருவர் கோலால் தட்ட, அந்த ஒலிக்கு ஆட்டக்காரருடைய தலை சட்டென்று திரும்பும்போது, அங்கே மனிதர் இருப்பதே மறந்துவிடுகிறது.

பகைவர் படை ஆலயத்தை நோக்கி மூன்று முறை பாய்கிறது. மணிகள் முழங்க, வானவர் கீதம் எழ, ஆலயத்தைக் காப்பவர்கள் அவர்கள்மீது எறிவது மலர்களும் இலைகளும் வண்ணக் காகிதத் துணுக்குகளும் மட்டுமே. சிலுவையிலிருந்து சிந்திய இரத்தத் துளிகளே மலர்களாயின என்பது யாக்கிகளின் நம்பிக்கை. ஆகவே அவற்றை வெல்லும் ஆயுதம் வேறில்லை. மூன்றாம் பாய்ச்சலில் தோற்றவர்கள் முகமூடிகளையும் வாள்களையும் யூதாசின் உருவத்தோடு தீயில் இட்டுவிட, ஞானப்பெற்றோர் அவர்களைத் துணியால் போர்த்திக் கோவிலுக்குள் விரைந்து அழைத்துச் செல்கிறார்கள். வெறுமையான முகத்தோடும் வியர்வையோடும் ஓடிய ஓர் இளைஞரை மிக அருகில் கண்டேன். பல வாரங்களாக ஊரே அஞ்சிச் சிரித்த உருவம் அவர்தான் என்பதை நம்புவது கடினமாக இருந்தது.

படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் குறிப்பெழுதுவதும் படம் வரைவதும் அங்கே கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. அதில் எனக்கு வருத்தமில்லை, சுற்றியிருந்த அனைவரும் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதன்முறை செல்வோர் தவக்கால வெள்ளி ஒன்றில் போய்வந்த பிறகு புனித சனிக்குச் செல்வது நல்லது என்பேன். சிலுவைப்பாதையில் சாப்பயேகாக்களை ஒருமுறை பார்த்திருந்தால்தான், சனிக்கிழமை தீயில் எரிவது எத்தனை நாள் சுமை என்பது விளங்கும்.