சீட்டுப் பணமும் ஐந்து பாஸ்போர்ட்டும்

மார்ச் 9, 2025, ஞாயிறு, திருச்சி

சீட்டு எடுத்தாயிற்று. வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தைச் சுற்றுலாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம். போன மே மாதம் ஊட்டியில் கொடுத்த அறை வாடகையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு வெளிநாடே போயிருக்கலாம்" என்று அவர் வாயை விட்டார். பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டவள்தான், இன்றுவரை விடவில்லை.

போகிறவர்கள் ஐந்து பேர். நாங்கள் இருவர், பதினொரு வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவன், முழங்கால் வலியோடு அத்தை. விமானத்தில் இரண்டு வயது தாண்டினாலே கிட்டத்தட்ட முழு டிக்கெட். அதனால் எந்தத் தொகையைக் கேட்டாலும் உடனே ஐந்தால் பெருக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சிங்கப்பூர் முதலில் போனது. விசா தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர். ஊருக்குள் கால் வைக்கும் முன்பே பத்தாயிரம் ரூபாய் காலி, ஏஜென்ட் கூலி தனி. பூடானுக்கு விசா வேண்டாமே என்றார் அவர். வேண்டாம்தான். ஆனால் இந்தியர்களுக்கும் ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் பாதி. எங்கள் கணக்குக்கு இரவுக்கு 4,800. அறை, சாப்பாடெல்லாம் அதற்கு மேல். அதையும் அடித்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

பாஸ்போர்ட் சேவா கேந்திரா. சின்னவனுக்குப் புதிது, அத்தைக்குப் புதுப்பித்தல். அத்தையுடையது ஆகஸ்டில் முடிகிறது. பல நாடுகளில் ஆறு மாதமாவது மிச்சம் இருந்தால்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. சின்னவன் எட்டு வயதுக்குக் கீழ், பத்து சதவீதம் தள்ளுபடி. 1,000 ரூபாய்க்குப் பதில் 900. அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட அனெக்ஷர் டி என்ற உறுதிமொழிப் படிவம் கையோடு வேண்டும்.

அத்தையின் கைரேகைதான் பதியவில்லை. கருவியில் விரலை வைக்கிறார், திரையில் சிவப்பு. ஈரத்துணியில் துடைத்து வைத்தார், சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண், "பாட்டி, நெத்தியில விரலைத் தேய்ச்சுட்டு வைங்க" என்றது. தேய்த்து வைத்தார், பச்சை. நெற்றியில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் காரணமாம். "நாற்பது வருஷம் பாத்திரம் தேய்ச்ச கை, ரேகை எங்கேருந்து வரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

மலேசியா. திருச்சிக்காரர்களுக்கு வெளிநாடு என்றாலே முதலில் கோலாலம்பூர்தான், இங்கிருந்தே நேர் விமானம். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசாவும் கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும், அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிட வேண்டியதுதான்.

ஏஜென்ட் ஒருவர் நாலு இரவு பேக்கேஜுக்குத் தலைக்கு 42,000 சொன்னார். அதன்மேல் ஜிஎஸ்டி, அதன்மேல் 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. "டிசிஎஸ் திரும்ப வந்துடும் மேடம்" என்கிறார். வரும்தான், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு. மே மாதம் கையிலிருந்து போகிற காசு போகிறதுதானே.

நாமே பதிவு செய்தால்? டிக்கெட் தலைக்கு 18,000-க்குக் குறையவில்லை. ஐந்து பேருக்கு 90,000. இரண்டு அறை, ஐந்து இரவு, 40,000. வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அது ஒரு 2,000. மிச்சம் 18,000. அதற்குள் ஐந்து பேர் ஆறு நாள் சாப்பிட வேண்டும், விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் ஊருக்குள் சேர வேண்டும், இரட்டைக் கோபுரத்தில் ஏற வேண்டும். பத்துமலை முருகனுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் 272 படி. அத்தை கீழே நின்று கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார். முடியாது என்று இல்லை. ஆனால் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் கணக்குப் பார்க்கிற பயணம் எனக்கு வேண்டாம்.

மார்ச் 29, சனி

தாய்லாந்தையும் வைத்திருந்தோம், விசா இல்லை என்பதால். நேற்று மியான்மரில் நிலநடுக்கம், பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டிவியில் அதையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. என் நோட்டை வாங்கி, தாய்லாந்தை அவரே அடித்துவிட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

இலங்கையை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. பக்கத்து வீடு மாதிரி இருப்பது வெளிநாடாகத் தோன்றாது போலிருக்கிறது. அவர் அலுவலகத்தில் ஒருவர் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் வந்ததைச் சொன்னாராம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, மறுபடி ஓடுகிறது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஒரு வழிக்குத் தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

சின்னவன் அழுகை. அவனுக்கு விமானம்தான் வெளிநாடு. தேடினால், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ போன ஞாயிற்றுக்கிழமைதான், மார்ச் 30, விமானம் விட்டிருக்கிறது! போகும்போது கப்பல், வரும்போது விமானம். இரண்டும் சேர்ந்து ஐந்து பேருக்கு ஐம்பதாயிரத்துக்குள் முடிகிறது. கப்பலை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் சரியில்லை என்றால் கப்பலை நிறுத்திவிடுவார்கள்; அப்படி ஆனால் நாகப்பட்டினத்தில் காத்திருக்கலாம், அங்கே போய் மாட்டிக்கொண்டு அறை வாடகை கொடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 14, திங்கள், வருஷப் பிறப்பு

மாங்காய்ப் பச்சடியோடு சண்டை. பெரியவளுக்குக் கண்டி, நுவரெலியா பார்க்க வேண்டும். எனக்கும் ஆசைதான். ஆனால் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் இறங்கிவிடும். கொழும்பு, காலி, மலைநாடு எல்லாம் நனையும். அதே சமயம் வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கும். திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கிற காலமே மே முதல் செப்டம்பர் வரைதான். குளிரைத் தேடிப் போய் மழையில் அறைக்குள் உட்காருவதா, வெயிலோடு வெயிலாகக் கடலில் கிடப்பதா?

யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு, திருகோணமலையில் இரண்டு, திரும்ப யாழ்ப்பாணத்தில் ஒன்று. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும் சின்னவனுக்கு ஒரே குஷி. குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு, நாகபூஷணி அம்மன். படி ஏற வேண்டியதில்லை, அத்தைக்குத் திருப்தி. திருகோணமலையில் கோணேசர் கோயில் குன்றின் மேல், ஆனால் வண்டி பக்கம் வரை போகுமாம். எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த யாழ் நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் கோரிக்கை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் அதுதான் பருவம்.

"இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று அத்தை அறிவிப்பாளர் குரலில் சொல்லிக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டில் அந்த ரேடியோ ஓடித்தான் அடுப்பு பற்றுமாம். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. கப்பல், விமானம் இரண்டும் பதிவு. ஈடிஏ எனும் இணைய வழிப் பயண அனுமதிக்கு இலங்கை அரசின் தளத்திலேயே விண்ணப்பித்தோம். அதே மாதிரி முகப்போடு ஏஜென்ட் தளங்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் மாடி முழுவதும் எங்களுக்கு, அடுப்படியோடு. கார்டில் தேய்த்தால் எங்கள் வங்கி மூன்றரை சதவீதம் பிடிக்கும், அதனால் பணமாகத்தான் கொண்டுபோகிறோம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் மூன்றரை ரூபாய். யுபிஐ-யும் 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே உண்டு, க்யூஆர் ஒட்டியிருக்கிற கடைகளில்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். பள்ளி ஜூன் 2 திறக்கிறது, நாங்கள் 19-ஆம் தேதி கிளம்புகிறோம். காலையிலேயே கப்பல் என்பதால் முந்தின இரவு நாகூரில்.

கப்பலில் இலவசமாகக் கொண்டுபோகும் சாமான்களுக்கு எடை வரம்பு இருக்கிறது. குளியலறைத் தராசை நடுக்கூடத்தில் வைத்து ஆளாளுக்குப் பையை ஏற்றி இறக்குகிறார்கள். அத்தை பையில் மட்டும் முறுக்கு, அதிரசம், புளிக்காய்ச்சல். எடுக்கச் சொன்னால், "போற இடத்தில் ஒருத்தர் வீட்டில் தங்கப் போறோம், வெறுங்கையோடயா போறது?" என்கிறார். வாடகை கொடுத்துத்தான் தங்குகிறோம் அத்தை என்றேன். கேட்கவில்லை. கடைசியில் அவருடைய பக்கெட் அளவு தைல டப்பாவை எடுத்துவிட்டு அதிரசத்தை வைத்தோம்.

எல்லாம் போக இப்போதைக்கு 22,000 கையிருப்பு. திருகோணமலையில் புறாத்தீவுக்குப் படகு எடுத்தால் அதில் ஒரு பங்கு போகும். போகட்டும் என்கிறார் அவர். மீதியில் சீட்டுத் தவணையைக் கட்ட வேண்டும் என்று நான்.