அப்பா தினமும் எழுதிய ஒரு வரி

அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். அவருக்கு வந்த லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) இரண்டு சுற்று கீமோவுக்கு அப்புறமும் திரும்பியபோது, டாக்டர் கார்-டி செல் சிகிச்சை பற்றிச் சொன்னார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல் என்ற வெள்ளையணுக்களை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப அவருக்கே ஏற்றுவது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அந்த வகைச் சிகிச்சையான நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்திருந்தது. வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் செலவு இங்கே லட்சங்களில். அந்த லட்சங்களுக்கே வீட்டை அடகு வைக்க வேண்டியிருந்தது. காப்பீட்டு நிறுவனம் "பரிசோதனை நிலை சிகிச்சை" என்று முதலில் கையை விரித்தது. அனுமதி ஆணையின் நகலோடு மேல்முறையீடு செய்த பிறகு ஒரு பகுதி தந்தார்கள்.

ரத்தத்திலிருந்து செல் பிரித்தெடுக்க நாலு மணி நேரம். பாதியில் உதடு மரத்துப்போகிறது என்றார் அப்பா. கால்சியம் ஏற்றியதும் சரியானது. செல்கள் மும்பைக்குப் போயின. அப்பாவின் புற்றுநோய் பிடித்திருந்த பி செல்களின் (இன்னொரு வகை வெள்ளையணுக்கள்) மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும்படி, வீரியம் நீக்கிய வைரஸ் வழியாக அவற்றுக்குள் ஒரு மரபணுவை ஏற்றுவார்களாம். அவை திரும்பி வரும் வரை நோய் முந்திக்கொள்ளாமல் இருக்க மருந்து, பயம், வாட்ஸ்அப்.

மூன்று நாள் கீமோ கொடுத்து, இடையில் ஓய்வு விட்டு, செல்களை ஏற்றினார்கள். உறைந்திருந்த சின்னப் பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இதற்கா இவ்வளவு! செல்களைக் கெடாமல் காக்கும் ரசாயனத்தின் வாடை அறை முழுக்க. "யாரு இங்க பூண்டு உரிச்சது?" என்றார் அம்மா.

இந்தச் சிகிச்சை சிலருக்கு மூளையைத் தடுமாற வைக்குமாம். அதை உடனே கண்டுபிடிக்க அன்றிலிருந்து ஒரு நோட்டு. நர்ஸ் கேட்பார்: என்ன வருடம், எந்த ஊர், இது என்ன (பேனா), நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறையுங்கள், ஒரு வரி எழுதுங்கள். அப்பா தினமும் எழுதியது ஒரே வரிதான்: "சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்". அச்சடித்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் இரவு காய்ச்சல் 103. புதுச் செல்கள் வேலை செய்கிற அறிகுறி என்றார்கள். டோசிலிசுமாப் போட்டார்கள், மூட்டுவாதத்துக்கான மருந்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொந்தளிப்பதையும் அடக்குமாம். 2012இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை பெற்ற எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியைக் காப்பாற்றியது அதுதானாம்.

ஆறாம் நாள் "நூறு, தொண்ணூறு, தொண்ணூறு..." என்று நின்றுவிட்டார். நோட்டில் புள்ளிகளே இல்லை. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தன. தூக்கக் கலக்கம் என்றுதான் நான் நினைத்தேன். நர்ஸ் அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். அதற்கு மூன்றாம் நாள் புள்ளிகள் திரும்பின. பழைய பக்கத்தைப் பார்த்த அப்பா அதைத் திருத்தப் பேனாவைக் கேட்டார். "ஐயா, அது ரெக்கார்டு, தொடக்கூடாது" என்றார் நர்ஸ். தொழில் தெரிந்தவர், ஒத்துக்கொண்டார்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகை அறை. முதல் பெட் ஸ்கேனில் கட்டிகள் தெரியவில்லை. அடுத்தது மூன்றாம் மாதம். எட்டு வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் டிவிஎஸ் சாவி என்னிடம் இருக்கிறது. தினமும் கேட்கிறார்.