‘ட்ரவஸ்டி’ என்கிற பட்டப்பெயர்

எங்கள் ஆங்கில மாஸ்டர் போய்விட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் லண்டனில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றேன். தொண்ணூற்று மூன்று வயது. செய்திக்குக் கீழே நம்மவர்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், யாரென்று உங்களுக்குத் தெரியும், ‘ட்ரவஸ்டிக்குச் சொல்லியாச்சோ?’ என்று கேட்டிருந்தான்.

ட்ரவஸ்டி நான்தான். எழுபத்துநாலு வயதாகிறது, மூன்று பேரப்பிள்ளைகள். ரொறன்ரோ பழைய மாணவர் ஒன்றுகூடலில் மேடைக்குக் கூப்பிட்டதும் அந்தப் பேரைச் சொல்லித்தான்.

பின்னால் வந்த வகுப்புக்காரருக்காக: 1967. கட்டுரைத் தலைப்பு, மறக்கமுடியாத நாள். நான் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை எழுதினேன். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது (இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்), அம்பயர் எல்பிடபிள்யூ என்று விரலைத் தூக்கிவிட்டார். ஆங்கிலப் பத்திரிகையின் வாசகர் கடிதம் ஒன்றில் பொறுக்கி வைத்திருந்த தொடரை அந்த இடத்தில் சொருகினேன்: ‘இட் வோஸ் அ ட்ரவஸ்டி ஒஃப் ஜஸ்டிஸ்.’

செமிகோலன் (மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பட்டம்) கொப்பி திருப்பித் தரும் முறை தெரியும்தானே. என்னுடையது கடைசி.

“எழும்பி வாசியும் ஐசே.”

வாசித்தேன்.

“அம்பயர் காசு வாங்கினவரோ?”

“இல்லை சேர்.”

“தீர்ப்பை வீட்டிலை எழுதி வைச்சிட்டு வந்து நிண்டவரோ?”

“இல்லை சேர். கண் தெரியேல்லை.”

“அப்ப அது பிழை. மனுசன் பிழை விடுவான். கோர்ட்டிலை அப்பிடி நடந்தா மிஸ்காரேஜ் ஒஃப் ஜஸ்டிஸ். உம்மடை சொல்லு வேறை.”

கரும்பலகையில் ‘வெஸ்டிஸ்’ என்று எழுதினார். லத்தீனில் உடுப்பு. அதிலிருந்து உடுப்பு மாற்றி வேஷம் கட்டுவது என்ற அர்த்தத்தோடு பிரெஞ்சு வழியாக வந்த சொல். அத்தோடு விட்டிருக்கலாம். தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார், மேசைக்குப் பின்னால் தன் கதிரையில் இருத்தினார். கோட்டின் கைகள் என் விரலைத் தாண்டித் தொங்கின. கொலரில் சோக்குத் தூளும் வேர்வையும் மணத்தன.

“இப்ப இவர்தான் மாஸ்டர். நம்புறவை கையைத் தூக்குங்கோ.”

ஒரு கையும் எழவில்லை. பக்கத்து வகுப்புக்குக் கேட்கச் சிரித்தார்கள்.

“இதுதான் ட்ரவஸ்டி. அநியாயம் நியாயத்தின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையிலை வந்து இருக்கிறது. எல்பிடபிள்யூவுக்கு இதைச் செலவழிச்சா, பேந்து தேவைப்படேக்கை கையிலை என்ன கிடக்கும்?”

ஒரு தவணை முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

1971இல் பல்கலைக்கழக அனுமதி வந்தது. எனக்கு 400க்கு 238. பேராதனையில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மூலம் எழுதியவர்களுக்கு 227. மாஸ்டர் வீட்டு விறாந்தையில் இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார்.

“சமநிலைக்காகத்தான் செய்யிறம் எண்டெல்லோ சொல்லுகினம்?”

“ஓம் சேர்.”

“அப்ப இப்ப எழுதலாம் ஐசே.”

ஆறுதல் அவ்வளவுதான். பிறகு அதற்குத் தரப்படுத்தல் என்று பேரும் வந்தது. ஆனால் 1974இல் மாவட்டக் கோட்டா வந்து, ஊரே அதையும் அதே சொல்லால் திட்டியபோது மனுசன் ஒப்பவில்லை. “வன்னிப் பிள்ளையளுக்கு எங்களை மாதிரிப் பள்ளிக்கூடம் இருக்கோ? இது விவாதம். அது வேஷம்.” அதற்காக அவரோடு சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருஷம் லண்டனுக்குக் கணக்கியல் படிக்க வெளிக்கிட்டேன். மூன்று வருஷத்தில் திரும்புவதாகத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

இங்கே தபால் நிலைய வழக்குகளைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் இருந்து திருத்துவது போலிருக்கும். ஹொரைசன் என்ற கணினி முறையின் பிழையான கணக்கை நம்பி தபால் நிலையம் நடத்திய 900க்கு மேற்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். எல்லோரும் மிஸ்காரேஜ் என்றுதான் சொன்னார்கள். கணினி பிழை விடலாம் என்று தெரிந்தவர்கள் உள்ளே இருக்க, வழக்குகள் தொடர்ந்தனவே, அந்த நாளிலிருந்து எந்தச் சொல் சேர்? நான் ட்ரவஸ்டி என்பேன். பேரனுக்கு இதை விளக்கப்போய், அவன் காதில் இருந்த கருவியைக் கழற்றவே இல்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது 1981 ஜூனில். ஏறத்தாழ 97,000 நூல்கள். அன்றிரவே நீல விமானக் கடிதத்தாளில் மாஸ்டருக்கு எழுதினேன், ஆங்கிலத்தில்தான். ட்ரவஸ்டி என்ற சொல் இரண்டு இடத்தில். இனி அவர் திருத்த மாட்டார் என்றிருந்தேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அந்த இரண்டு வசனங்களையும் பார்த்தெழுதி, சொல்லின் கீழே சிவப்புக் கோடு. எனக்கு எப்போதும் ஆங்கிலத்திலேயே எழுதுபவர், கோட்டுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தார்: “இதுக்கு ஒருத்தரும் வேஷம் கட்டேல்லை ஐசே. வேறை சொல் தேடும்.”

தேடினேன். கிடைத்ததும் பதில் போடலாம் என்று கடிதத்தை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு 83 கலவரம் வந்தது. அதன் பிறகு ஊரிலிருந்து வந்த ஆட்கள் எல்லோரும் “மாஸ்டர் உன்னைக் கேட்டவர்” என்றார்கள்.

என்ன கேட்டார் என்று நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.